பருப்பு வேகாத தண்ணீரும் ஆர்க்கிட் வேர்களும்

மதுரை திருப்பாலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நிழல்வலைக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது ஆர்க்கிட் செடிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை டென்ட்ரோபியம் கலப்பினங்கள். மரக்கூடைகளில் வெறும் வேரோடு தொங்கும் வாண்டாக்கள் ஏழு, ஆன்சிடியம் சில, மாடி வெக்கை தாங்காது என்பதால் கீழே வராந்தாவில் வைத்திருக்கும் ஃபலனாப்சிஸ் நான்கு. வாங்கி வந்த முதல் ஆறு மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அதன் பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயின. வாடவில்லை, அழுகவில்லை, பூச்சியும் விழவில்லை. வளர்ச்சி மட்டும் நின்றுவிட்டது. அவற்றை மீட்டெடுக்க எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதில் பாதிக் காலம் காரணத்தைத் தப்பான இடத்தில் தேடியதிலேயே கழிந்தது.

நோய் முதலில் தெரிந்தது வாண்டாவின் வேர் நுனியில். ஆர்க்கிட் வேரின் மேல் வெலமன் என்றொரு பஞ்சு போன்ற உறை உண்டு. அது உயிரற்ற செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாக இருக்கும். தண்ணீர் பட்ட சில நொடிகளில் அதை உறிஞ்சிக்கொண்டு, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும்படி கண்ணாடி போல் ஆகிவிடும். வளரும் வேரின் நுனி மட்டும் அந்த உறை இல்லாமல், பச்சையாகவோ நாவற்பழ நிறமாகவோ ஓர் அங்குலம் பளபளவென்று நீண்டிருக்க வேண்டும். என் வாண்டாக்களில் அந்த ஓர் அங்குலம் அரிசி அளவுக்குச் சுருங்கி, பிறகு எரிந்த தீக்குச்சியின் தலைபோல் கறுத்து நின்றது. தொட்டிகளில் இருந்த டென்ட்ரோபியங்களுக்கு இலை நுனி கருகியது. மண் தொட்டிகளின் விளிம்பில் உப்புப் பூத்து, நகத்தால் சுரண்டினால் கோலமாவு போல் உதிர்ந்தது.

அப்போது பங்குனி மாதம் என்பதால் பழியை வெயிலின் மேல் போட்டேன். நிழல்வலையை இரட்டையாக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். செடி சோர்ந்திருக்கிறது, ஊட்டம் போதவில்லை என்று நினைத்து, தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சம விழுக்காட்டில் உள்ள, வாரம் ஒருமுறை கொடுத்த 19:19:19 உரத்தை வாரம் இருமுறையாக்கினேன். இரண்டே வாரத்தில் மிச்சமிருந்த வேர் நுனிகளும் கறுத்தன.

உண்மையைப் போகிற போக்கில் சொன்னவர் என் அம்மா. “இந்தத் தண்ணியில துவரம்பருப்பே வேக மாட்டேங்குது, இதுல உன் செடி எப்படிடா வளரும்?” என்றார். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் மாதத்துக்கு ஒரு படலம் வெள்ளையாகப் படியும் என்பதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சமையலுக்கு மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். நாங்கள் வாயில் வைக்காத தண்ணீரைத்தான் நான் இரண்டு வேளையும் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் காட்ட, பேனா வடிவில் விற்கும் டி.டி.எஸ். அளவி ஒன்று வாங்கி முக்கியதும் 950 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 950 பங்கு, காட்டியது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீருக்கு 500 ஏற்கத்தக்க அளவு. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அந்தக் கணக்கில் எங்கள் தண்ணீர் அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் உரம் சேர்ப்பதற்கு முன் 200-க்குக் கீழே இருக்கும் தண்ணீரையே தேடுகிறார்கள். அழகர்கோவில் சாலையோரத்துப் புளியமரத்தில் ஒட்டியிருந்த காட்டு வாண்டா ஒன்றைப் பார்த்தபோது அதன் காரணம் புரிந்தது. அதற்கு நிலத்தடி நீரோடு எந்தத் தொடர்பும் கிடையாது. மழை பெய்து பட்டை வழியாக வழியும் தண்ணீர், அதில் கரைந்து வரும் தூசி, பறவை எச்சம், மக்கிய இலை ஆகியவை மட்டுமே அதன் சாப்பாடு. மண்ணில் வளரும் மல்லிகைக்கு உப்பைத் தாங்கிக்கொள்ள மண் என்றொரு நடுவர் இருக்கிறது. கரித்துண்டிலும் ஓட்டுத்துண்டிலும் நிற்கும் ஆர்க்கிட்டுக்கு அதுவும் இல்லை.

பேனா உப்பின் மொத்தத்தைத்தான் சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. ஆகவே ஒரு லிட்டர் தண்ணீரை மண், நீர் பரிசோதனைக்குக் கொடுத்தேன். விவசாயிகளுக்காகச் செய்யப்படும் இந்தப் பரிசோதனை மாடித் தோட்டக்காரருக்கும் மிகவும் பயனுள்ளது. அறிக்கையில் மின்கடத்துதிறன் 1.9, பி.எச். 7.9, ஒரு லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் கால்சியம் 4.2, மெக்னீசியம் 5.6, சோடியம் 9.0, பைகார்பனேட் 8.4, குளோரைடு 8.2 என்று இருந்தது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டி 50-ஆல் பெருக்கினால் கடினத்தன்மை 490 பி.பி.எம். பைகார்பனேட்டை மட்டும் 50-ஆல் பெருக்கினால் காரத்தன்மை 420 பி.பி.எம். கடைசி வரியில், உப்பைத் தாங்கும் பயிர்களுக்கு வடிகால் வசதியோடு பயன்படுத்தலாம் என்று குறிப்பு. பயிருக்கு அது நியாயமான தீர்ப்புதான்.

இந்தக் காரத்தன்மையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பி.எச். எண்ணைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பி.எச். என்பது தண்ணீர் இந்த நொடியில் இருக்கும் அமில, கார நிலை. காரத்தன்மை என்பது அமிலத்தை எவ்வளவு விழுங்கிவிட்டு அதே நிலையில் நிற்கும் என்ற பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தைக் கண்ணால் பார்க்க மீன் தொட்டிக் கடைகளில் காரத்தன்மையை அளக்க விற்கும் கே.எச். சொட்டுமருந்து போதும். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். நீல நிறம் மஞ்சளாக மாறும் வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு ஏறக்குறைய 18 பி.பி.எம். மழைநீரில் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. எங்கள் போர் தண்ணீரில் பத்துச் சொட்டு, பதினைந்து, இருபது என்று போய்க்கொண்டே இருந்தது, நீலம் அசையவில்லை. மருந்து தீர்ந்துவிடுமோ என்று பயந்தபோது இருபத்து நான்காவது சொட்டில் நிறம் மாறியது. இந்தத் தண்ணீரைத் தினமும் ஊற்றினால், தொட்டிக்குள் இருக்கும் கரியும் தேங்காய் மட்டையும் சில வாரங்களில் காரமாகிவிடும். அந்த நிலையில் இரும்பும் மாங்கனீசும் வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடும். புதிய இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வரும். அப்போது எவ்வளவு உரம் போட்டாலும் பூட்டிய கதவுக்கு வெளியே பந்தி வைப்பது போலத்தான்.

தண்ணீரைத் திருத்த ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து விடலாம் என்றார் ஒருவர். சிட்ரிக் அமிலம் காரத்தன்மையைக் குறைப்பது உண்மைதான். ஆனால் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்று தீர்த்ததும் காரம் பெருமளவு திரும்பி வந்துவிடும். மேலும் சோடியமும் குளோரைடும் அமிலத்தால் ஒரு துளிகூடக் குறையப் போவதில்லை. கொதிக்க வைத்து ஆறவைத்தாலும் இதே கதைதான்: சுண்ணாம்பு கீழே படியும், சோடியம் அப்படியே இருக்கும். பக்கத்து அடுக்குமாடியில் மென்னீராக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் சோப்பு அருமையாக நுரைக்கிறது, வேண்டுமானால் ஒரு குடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு சொன்னார்கள். பேனாவை விட்டுப் பார்த்தேன், டி.டி.எஸ். ஏறக்குறைய அதேதான். அந்தக் கருவி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. துணி துவைக்க நல்லது. செடிக்கு முன்னிருந்ததைவிடக் கெடுதல்.

மிஞ்சிய வழிகள் ஆர்.ஓ. தண்ணீரும் மழைநீரும். வீட்டில் ஏற்கெனவே இருந்த ஆர்.ஓ. கருவியில் பிடித்த தண்ணீர் 180 காட்டியது எனக்கு வியப்பாக இருந்தது. சவ்வு பழுதோ என்று பராமரிப்புக்கு வந்த தம்பியிடம் கேட்டேன். “சவ்வு நல்லாத்தான் இருக்கு சார். டி.டி.எஸ். வால்வைக் கொஞ்சம் தொறந்து வச்சிருக்கோம், இல்லேன்னா தண்ணி சப்புன்னு இருக்கும்” என்றார். அதாவது சுவைக்காக, சுத்திகரித்த தண்ணீரில் போர் தண்ணீரையே சிறிது கலக்கிறார்கள். செடிக்கென்று, அப்படிக் கலப்பதற்கு முன்னாலேயே ஒரு குழாயைப் பிரித்து எடுத்துத் தரச் சொன்னேன். அதில் 25 வந்தது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே போகிறது என்பது மதுரையில் மனம் உறுத்தும் செய்திதான். அந்தக் கழிவுநீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பிடித்து வைக்கிறோம். அதில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் எந்தச் செடிக்கும் ஊற்றுவதில்லை.

மழைநீரில் எனக்குக் கிடைத்த பாடம் வேறு. முதலில் மொட்டை மாடித் தளத்திலிருந்து பிடித்தேன். வெக்கையைக் குறைக்க அந்தத் தளத்துக்கு அந்த ஆண்டுதான் சுண்ணாம்பு அடித்திருந்தோம். பிடித்த தண்ணீரில் பி.எச். தாள் கரும்பச்சைக்குப் போனது. பிறகு கார் நிறுத்தும் இடத்தின் மேலிருக்கும் பாலிகார்பனேட் கூரையிலிருந்து குழாய் இறக்கி, 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயில் சேர்த்தேன். 10 அடிக்கு 10 அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 93 லிட்டர் விழ வேண்டும். தெறிப்பது, முதல் பத்து நிமிடம் தூசியோடு தள்ளிவிடுவது எல்லாம் போக எழுபதுக்குக் குறையாமல் கிடைக்கிறது. டி.டி.எஸ். 15 முதல் 20. பீப்பாயின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டாவிட்டால், ஆர்க்கிட்டோடு டெங்குக் கொசுவையும் சேர்த்து வளர்க்க வேண்டியிருக்கும்.

நல்ல தண்ணீர் வந்ததும் முதலில் செய்தது பழைய உப்பைக் கழுவியது. ஒரு தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, மேலே 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்து அளந்தால் வேர் எந்தக் கரைசலில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். முதல் தொட்டியில் 2,100 வந்தது. ஊற்றிய போர் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல்! தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறது. மூன்று நாள் இடைவெளியில் நான்கு முறை கழுவியதில் 400-க்கு இறங்கியது. தேங்காய் மட்டைத் துண்டில் இருந்த தொட்டிகள் மட்டும் இறங்க மறுத்தன. மட்டை தன்னிடமே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைத்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அவற்றை எளிதில் விடாது. கால்சியம் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தால்தான் அவை வெளியேறும். அந்தச் செடிகளைப் பிரித்து, புதிய மட்டைத் துண்டுகளை முதலில் இரண்டு நாள் வெறும் தண்ணீரிலும், பிறகு ஒரு நாள் லிட்டருக்கு 10 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரிலும் ஊறவைத்து, அலசி, மறுபடி நட்டேன்.

ஆடி மாதத்துக்குள் வாண்டாக்களில் புதிய வேர்கள் பச்சை நுனியோடு கிளம்பின. வேலை முடிந்தது என்று நினைத்தேன். கார்த்திகை மழையில் டென்ட்ரோபியத்தின் புதுக் குருத்துகள் நுனி கறுத்து வர ஆரம்பித்தன. பழைய இலைகளில் குறையில்லை, வேரிலும் குறையில்லை. முன்பு கருகியது முதிர்ந்த இலையின் நுனி; இப்போது கறுப்பது இன்னும் விரியாத இலை. இந்த வேறுபாட்டில்தான் விடை இருந்தது. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு மேலே ஏறும். ஓர் இலையில் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து வேறு இலைக்கு நகராது. ஆகவே வரத்து குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது குருத்துதான். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்து, இலை வழியே நீராவிப் போக்கு குறைவதால் ஏறும் கால்சியமும் குறைகிறது. மெக்னீசியம் இதற்கு எதிர்மாறு; பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும் என்பதால் அதன் குறை முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகத் தெரியும். ஆன்சிடியத்தில் அதுவும் தெரிந்தது.

19:19:19 உரத்தில் கால்சியம் கிடையாது, மெக்னீசியமும் கிடையாது. போர் தண்ணீர் அவை இரண்டையும் தேவைக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்ததால் அந்தக் குறை அதுவரை வெளியே தெரியவில்லை. தண்ணீரை மாற்றிய நான் உரத்தை மாற்றவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான, ஆர்க்கிட் வளர்ப்போரிடையே பெயர்பெற்ற உரக்கலவை இரண்டு வகையாக இருப்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிணற்று நீருக்கு 19-4-23, மழைநீருக்கும் ஆர்.ஓ. நீருக்கும் 13-3-15, அதனுடன் 8 விழுக்காடு கால்சியமும் 2 விழுக்காடு மெக்னீசியமும். செடி ஒன்றுதான், தண்ணீரைப் பொறுத்து உரம் மாறுகிறது.

எனக்குத் தேவையானவை உரக்கடையிலேயே கிடைத்தன: 15.5 விழுக்காடு நைட்ரஜனும் ஏறக்குறைய 19 விழுக்காடு கால்சியமும் உள்ள கால்சியம் நைட்ரேட், 9.8 விழுக்காடு மெக்னீசியம் உள்ள மெக்னீசியம் சல்பேட், அதாவது பெரியவர்கள் பேதி உப்பு என்று சொல்லும் எப்சம் உப்பு. தினமும் எடை போடும் வேலையைக் குறைக்க, இவற்றோடு பழைய 19:19:19-ஐயும் சேர்த்து மூன்று உரங்களையும் ஒரே புட்டியில் கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொள்ளலாம் என்று துணிந்தேன். மூன்றாவது உரம் விழுந்த உடனே புட்டி பால் போல் வெளுத்தது. மறுநாள் காலை அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மாவு படிந்திருந்தது. கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகவும், பாஸ்பேட்டோடு சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டாகவும் திரிந்துவிட்டது. எலும்பும் சாக்பீஸும் எந்தப் பொருளோ அந்தப் பொருளை விலை கொடுத்துச் செய்து சாக்கடையில் கொட்டினேன்.

இப்போது பின்பற்றும் முறை இது. ஒரு வாரம், 10 லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 4 கிராம், எப்சம் உப்பு 2 கிராம். இந்த அளவு நீர்த்திருந்தால் இரண்டும் திரியாது. இதில் கால்சியம் 76 பி.பி.எம்., நைட்ரஜன் 62, மெக்னீசியம் 20 கிடைக்கிறது. பேனா 340 அளவில் காட்டும். அடுத்த வாரம், 10 லிட்டருக்கு 19:19:19 உரம் 5 கிராம்; நைட்ரஜன் 95 பி.பி.எம். மற்ற நாள்களில் வெறும் தண்ணீர். மாதம் ஒருமுறை நுண்ணூட்டக் கலவையில் ஒரு சிட்டிகை. எடை போட நகை நிறுக்கும் சிறிய மின்தராசு வாங்கினேன். தேக்கரண்டிக் கணக்கை நம்புவதில்லை. கால்சியம் நைட்ரேட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஐப்பசியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தபடியே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அது அலமாரியில் குளமாகக் கிடந்தது.

வாரம் மாற்றி மாற்றிக் கொடுப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. யூரியாவும் அம்மோனியமும் மிகுந்த உரம் தொட்டியை மெல்ல அமிலமாக்கும். போர் தண்ணீரின் காரம் அதைச் சமாளித்துக்கொண்டிருந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் அந்தத் தடுப்பு இல்லை. நைட்ரேட் வடிவ உரம் எதிர்ப்பக்கம் இழுக்கும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று நேர்செய்துகொள்கின்றன. பேனாவை மட்டும் நம்பி 19:19:19 கரைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: யூரியா மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் பேனாவின் கண்ணுக்குப் படாது. என் பொட்டலத்தின் மேல் 19-இல் 10.5 பங்கு நைட்ரஜன் யூரியா வடிவில் என்று அச்சிட்டிருக்கிறது. எண் குறைவாக இருக்கிறதே என்று கூடுதலாகப் போட்டால் செடி அனுபவிக்கும்.

தை மாதம் வந்த குருத்துகளில் கறுப்பு இல்லை. ஏற்கெனவே கறுத்த நுனிகள் அப்படியேதான் இருக்கின்றன, அவை மாறப் போவதில்லை. ஏழு வாண்டாக்களில் ஐந்து பூத்தன. ஒன்று வேரே இல்லாமல் போய்விட்டதால் காப்பாற்ற முடியவில்லை. ஃபலனாப்சிஸ் நான்கும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் சித்திரை வெக்கைக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஈடாகாது. மதுரையில் தொடங்குகிறவர்கள் டென்ட்ரோபியத்தில் தொடங்குவதே மேல் என்பது என் எண்ணம். பீப்பாய்த் தண்ணீர் மாசி முடியும் முன்னரே தீர்ந்து, பங்குனியிலிருந்து முழுக்க ஆர்.ஓ.வை நம்ப வேண்டியிருக்கிறது. இரண்டாவது பீப்பாய் வாங்கியாயிற்று. முதல் மழையைத் தானே தள்ளிவிடும் குழாயை அதற்குப் பொருத்தும் வேலை பாக்கி, ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டும்.